கோதுமை ஒவ்வாக் குடலும் உணவு நெறியும்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை வகுத்தபொழுது, மருந்தின் பெயர் ஒன்றையேனும் கூறாது, உண்ணும் அளவையும் காலத்தையும் முறையையுமே பெரிதும் எடுத்தோதினார். உணவே மருந்தாக அமையும் நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று சீலியாக் நோய். உணவு விலக்கே அதற்கு அடிப்படைச் சிகிச்சை. ஆயினும், விலக்கைக் கைக்கொண்ட பின்னரும் துன்பம் முற்றாக நீங்கப் பெறாதார் பலர். அவர்தம் நிலையையும் அவர்க்கேற்ற உணவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோதுமையிலும் வாற்கோதுமையிலும் றை என்னும் தானியத்திலும் உள்ள ஒருவகைப் புரதம் குளூட்டன் எனப்படும். மா பிசைகையில் இழுபடுதற்குக் காரணம் அதுவே. பரம்பரைத் தகைமை உடைய சிலரது உடல் இப்புரதத்தைப் பகையெனக் கொண்டு போர் தொடுக்கின்றது. அப்போரில் அழிவது பகையன்று; சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சடைமுளைகளே. உணவுச்சத்தை உறிஞ்சும் அவை தேயவே, உண்டும் உண்ணாதார் போல் உடல் வாடுகின்றது. வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பொருமல், இரத்தச்சோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளிடத்து வளர்ச்சிக் குறைவு ஆகியன இதன் விளைவுகள்.

இந்நோயை 1888ஆம் ஆண்டில் தெளிவுற விவரித்த ஆங்கில மருத்துவர் சாமுவேல் கீ, இதற்குத் தீர்வு உண்டெனின் அஃது உணவிலேயே உண்டு என்று கருதினார். எவ்வுணவு என்பதை அவர் அறிந்திலர். அதனைக் கண்டவர் ஒல்லாந்தக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பாண் அருகியபோது நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் மீண்டு வந்தபோது நோயும் மீண்டது. கோதுமையே காரணம் என்னும் தம் ஆய்வினை அவர் 1950இல் வெளியிட்டார். ஊரெல்லாம் பசித்திருந்த காலத்தில் ஒரு சில குழந்தைகள் நலமுற்றனர் என்பது எண்ணி வியக்கற்பாலது.

நம்மவர்க்கு இந்நோய் இல்லை என்று கூறுவாருளர். 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகின்றது. இந்நோய்க்குரிய பிறபொருளெதிரிகளைக் குருதியில் உடையோர் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேராகவும், தென்னிந்தியாவில் நூற்றுக்கு 0.10 பேராகவும் காணப்பட்டனர். ஆனால் நோய்க்கு இடந்தரும் பரம்பரையலகுகள் இரு பகுதியினரிடத்தும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே இருந்தன. வேறுபட்டது உணவு: நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். எனவே நம்மைக் காத்தது குருதியன்று, சோறே என்று கருத இடமுண்டு. கோதுமை விளையாத இந்நாட்டில், கப்பலேறி வந்த மாவே இன்று காலையில் பாணாகவும் மாலையில் றோல்ஸாகவும் இரவில் கொத்து றொட்டியாகவும் நம் இலையை நிறைக்கின்றது. இந்நிலையில் ஆசிரியரும் பெற்றோரும் இந்நோயை அறிந்திருத்தல் நன்று.

இனி, விலக்கிய பின்னும் விலகாத துன்பத்தை நோக்குவோம். ஆலங்குடாவில் யான் நன்கறிந்த பெண்மணி ஒருவர், பல்லாண்டு இரத்தச்சோகையால் வருந்தியபின் இந்நோயுடையார் எனக் கண்டறியப்பட்டார். பாணை அறவே விட்டார். ஆறு திங்கள் கடந்தும் பொருமலும் களைப்பும் ஓயவில்லை. களவாக உண்கிறாள் என்றனர் வீட்டார். மனநோய் என்றனர் அயலார். ஈற்றில் உண்மை புலப்பட்டது. அவர் வீட்டு அரிசியை அரைத்த ஆலையில், சத்துமாவுக்கென வறுத்த கோதுமையும் அரைக்கப்பட்டு வந்தது. மற்றையோர்க்கு அவித்த கோதுமை மா கலந்து பிட்டவித்த நீத்துப்பெட்டியிலேயே அவர்க்குரிய அரிசிமாப் பிட்டும் அவிந்தது. ஓலையின் இடுக்கில் ஒளிந்த மாவை எவ்வளவு கழுவியும் போக்கல் அரிது.

துன்பம் நீடித்தற்குப் பெரும்பாலும் காரணமாவது இவ்வாறு அறியாது உட்புகும் குளூட்டனே. நாடோறும் 50 மில்லிகிராம் உட்செல்லினும் குடல் ஊறுபடும் என ஆய்வு காட்டுகின்றது. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் உண்டெனக் கொண்டால், அத்துண்டில் நாற்பதில் ஒரு பங்கே தீங்கிழைக்கப் போதுமானதாம். கூட்டுப் பெருங்காயத்திற் சேர்க்கும் மா, சோயாச் சாறு, வாற்கோதுமை சேர்ந்த மோல்ற் பானங்கள், றோல்ஸ் பொரித்த எண்ணெய், பொது அரிதட்டு ஆகியன ஐயுறற்பாலன. இவர்க்கெனத் தனி அரிதட்டும் தனி நீத்துப்பெட்டியும் வைத்தல் பெருஞ்செலவன்று. குளூட்டனற்றது என்னும் குறியீடு பெறும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது அனைத்துலக விதி.

பிற காரணங்களும் உள. தேய்ந்த குடல் பாலிலுள்ள இலற்றோசைச் செரிக்கும் நொதியத்தை இழப்பதால், சில காலம் பால் ஒவ்வாதிருக்கும். குடல் தேறத்தேறப் பெரும்பாலும் இது நீங்கும். சதையியின் சுரப்புக் குறைவு, சிறுகுடலில் கிருமி மிகுதல், பெருங்குடல் அழற்சி, தைரொயிட்டு நோய் என்பனவும் ஒத்த குறிகளைத் தரும். முதியோரிடத்துச் சடைமுளைகள் மீள வளர ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும் என்பதனையும் மறத்தலாகாது. எடை குறைந்துகொண்டே செல்லின் மருத்துவரை மீண்டும் நாடுதல் இன்றியமையாதது. இன்னொன்று: நோய் உண்டோ என ஐயுற்றவர், பரிசோதனைக்கு முன் கோதுமையை விட்டுவிடலாகாது. விடின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் குன்றி, நோய் மறைந்து நிற்கும்.

விலக்குவது மட்டும் உணவு நெறியாகாது. இழந்ததை ஈட்டலும் வேண்டும். இரும்பு, கல்சியம், போலிக்கமிலம், விற்றமின் டி, விற்றமின் பி12, நாகம் என்பன இந்நோயாளரிடத்துக் குறைவன. கடைகளில் விலைமிக்க குளூட்டனற்ற பணிஸைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அவற்றிற் பலவற்றில் மாப்பொருளும் கொழுப்பும் மிகுதி, நார் குறைவு. நம் கற்பிட்டிக் குடாநாட்டின் அடுக்களையிலேயே தகுந்தன உள. தவிடு முற்றும் தீட்டாத அரிசி, நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் கொண்ட குரக்கன், பயறு, உளுந்து, முருங்கையிலை, மரவள்ளிக்கிழங்கு, முள்ளோடு உண்ணும் நெத்தலி என்பன சிறந்தவை. கீரையோடு தேசிப்புளி சேரின் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். உணவோடு தேநீர் அருந்தின் அது தடைப்படும். புலாலுண்ணாதார் பி12 பற்றிச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். ஆலையில் அரைக்கும் ஐயமுளதாயின் குரக்கனையும் அரிசியையும் வீட்டிலே இடித்தோ திரித்தோ கொள்ளலாம்.

மேற்கூறிய பெண்மணி தனிப் பெட்டியும் தனி அரிதட்டும் பெற்றபின் மெல்ல மெல்லத் தேறினார். அவரை நோயினும் மிகுதியாக வருத்தியது வீட்டார் கூறிய பழியே என்று ஒருமுறை என்னிடம் கூறினார். விருந்தோம்பலைப் பேரறமாகக் கொண்ட நாம், ‘சிறிது உண்டாற் கேடென்ன’ என்று வற்புறுத்துவதை அன்பென்று எண்ணுகின்றோம். இந்நோயாளர்க்கு உண்மை அன்பாவது, வேண்டாமென்று அவர் கூறும் ஒரு சொல்லை நம்புதலேயாம். வகுப்பில் சோர்ந்து வயிற்றைப் பிடித்திருக்கும் மாணாக்கனைச் சோம்பேறி என்னுமுன், அவன் காலையில் உண்டது யாது என்று கேட்டறிதல் ஆசிரியர் கடமையுமாகும்.