நகர்ப்புற வெள்ள இடர் மாதிரியாக்கம்

நகர்ப்புற வெள்ள இடர் மாதிரியாக்கம் என்பது, ஒரு நகரத்தில் இவ்வளவு மழை பெய்தால் அந்த நீர் எவ்வழியே ஓடும், எங்கே தேங்கும், எத்தனை அடி ஆழம் நிற்கும், எப்போது வடியும் என்பவற்றைக் கணினியில் கணக்கிட்டு முன்கூட்டியே அறியும் முறையாகும். வானிலை முன்னறிவிப்பு மழையின் அளவைச் சொல்கிறது. அந்த மழையால் ஒரு தெருவுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்வது மாதிரியின் வேலை.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை 2015 டிசம்பரில் சென்னை கண்டது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை, அதாவது ஏறத்தாழ 8 லட்சம் லிட்டரை, எட்டியது. ஏரிக்குக் கீழே முடிச்சூர், தாம்பரம் பக்கத்துச் சிறு ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில் வந்து சேர்ந்தது. நீர் திறப்பு பற்றிய செய்தி கன அடிக் கணக்கில்தான் வெளியானது. சைதாப்பேட்டையிலோ கோட்டூர்புரத்திலோ தரைத்தளத்தில் குடியிருப்பவர் அந்த எண்ணை வைத்து என்ன செய்ய முடியும்? தண்ணீர் வாசற்படியோடு நிற்குமா, மாடிக்கு ஏற வேண்டியிருக்குமா என்பதே அவருக்குத் தேவைப்பட்ட தகவல்.

கணக்கிடும் முறை

முதலில், பெய்யும் மழையில் மண்ணுக்குள் இறங்குவது எவ்வளவு, மேற்பரப்பில் ஓடுவது எவ்வளவு என்று பிரிக்கப்படுகிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 5 லட்சம் லிட்டர். புல்வெளியாக இருந்து ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஓடினால் 1 லட்சம் லிட்டர் வெளியேறும். அதே நிலம் கான்கிரீட்டாலும் தாராலும் மூடப்பட்டு 90 விழுக்காடு ஓடினால் 4.5 லட்சம் லிட்டர் வெளியேறும். மழை கூடாமலேயே வெள்ளம் நாலரை மடங்காகிறது. நகர வளர்ச்சி மாதிரிக்குள் நுழையும் முதல் இடம் இது.

அடுத்து, ஓடும் நீர் வடிகால், கால்வாய், ஆறு வழியாகச் செல்வது கணக்கிடப்படுகிறது. ஆற்றோட்டத்துக்கு 1871இல் பிரெஞ்சு அறிஞர் செயிண்ட்-வெனான் வகுத்த சமன்பாடுகளே இன்றும் அடிப்படை. கடைசியாக, கரை மீறிய நீர் தரையில் பரவும் விதம். இதற்குத் துல்லியமான தரை உயர வரைபடம் வேண்டும். சென்னை போன்ற தட்டையான நகரில் அரை மீட்டர் பிழைகூட ஒரு தெருவை வெள்ளத்துக்குள்ளோ வெளியிலோ தள்ளிவிடும். ஆகவே விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசித் தரையை அளக்கும் லைடார் முறை விரும்பப்படுகிறது.

கடலோர நகரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் ஏற்றத்தின்போதும் புயல் அலை எழும்போதும் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வெளியேறாமல் எதிர்த்துத் தள்ளப்படுகிறது. மணல் திட்டு அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தேங்குவதற்கான இடமும் கணக்கில் சேர வேண்டும். தென்சென்னையின் உபரிநீரைத் தாங்கிய பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாகக் கருதப்படுகிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அங்கே நின்றிருக்க வேண்டிய நீர் வேறு எங்காவது நின்றாக வேண்டும். வேளச்சேரியில் வசிப்போர் அந்த இடத்தை நன்கு அறிவர்.

மாறும் காலநிலை

வடிகால்கள் பழைய மழைப் பதிவுகளைக் கொண்டு வடிவமைக்கப்படுகின்றன. ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்ற தவறான நிம்மதியைத் தருகிறது. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கான வாய்ப்பு 1 விழுக்காடு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையேனும் அது வரும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு.

இந்தக் கணக்கும்கூட காலநிலை மாறாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது; குறுகிய நேரத்தில் கொட்டும் மழை வலுப்பெறுகிறது. எனவே இன்றைய மாதிரிகள் பல எதிர்கால மழை அளவுகளையும் கடல்மட்ட உயர்வுகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, ஒற்றை விடைக்குப் பதிலாக ஒரு வரம்பைத் தருகின்றன.

சென்னையின் எச்சரிக்கை அமைப்பு

2015 வெள்ளத்துக்குப் பின் மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து ‘சி-ஃபுளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. 2019 முதல் இது தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பில் உள்ளது. மழை, ஏரி, ஆறு, கடல் ஏற்றம் ஆகியவற்றை இது ஒன்றாக இணைத்துப் பார்க்கிறது. வெள்ளம் பரவும் கணக்கீட்டுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் பல சூழல்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்து, முன்னறிவிப்புக்குப் பொருந்துவதை எடுத்துக் காட்டுகிறது.

மாதிரி சரிதானா என்பதைப் பழைய வெள்ளத்தைக் கொண்டே சோதிக்கின்றனர். வீட்டுச் சுவர்களில் படிந்த நீர்க்கறையின் உயரம் இதற்கு நம்பகமான சான்று. ஆனால் நகரம் அப்படியே நிற்பதில்லை. குப்பை அடைத்த சிறுபாலம் எந்த வரைபடத்திலும் இராது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகத் தார் போட்டால், ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது, அருகிலுள்ள வீடு பள்ளத்தில் இறங்குகிறது. மூன்று ஆண்டுக்கு முந்தைய உயர வரைபடத்தில் வறண்டு கிடக்கும் அந்த வாசலில் அடுத்த மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கக்கூடும்.