கத்தோலிக்கச் சிந்தனையும் மானிடக் கலைகளும்

பல்கலைக்கழகத்தில் கத்தோலிக்கச் சிந்தனையைப் பாடமாகப் பயிலும் மாணவர் எதைக் கற்கிறார்? திருச்சபைக் கோட்பாடுகளையும் போப்பரசரின் சுற்றுமடல்களையும் மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதனினும் விரிவானது. இறையியலோடு இலக்கியம், வரலாறு, தத்துவம், கவின்கலை ஆகிய மானிடக் கலைகளையும் இணைத்துக் கற்பதே இக்கல்வியின் தனி இயல்பு. இவ்விணைப்பின் வரலாற்றையும், போதகப் பணிக்கு அது உணர்த்துவதையும் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

1. இடைக்கால வேர்

அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களைப் பாரிஸில் கற்பிக்கலாகாதென 1210இல் ஆயர் மன்றம் ஒன்று தடை விதித்தது. ஆயினும் 1255இல் அந்நூல்கள் பாரிஸ் பல்கலைக்கழகக் கலைப் புலத்தின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. அக்காலத்தில் அங்குக் கற்பித்தவர்களுள் தலைசிறந்தவர் தாமஸ் அக்குவினாஸ். அவருடைய ‘இறையியல் தொகை’யில் ஒவ்வொரு வினாவின்கீழும் எதிர்வாதங்களே முதலில் நிற்கின்றன. அதன் பின்னரே ஆசிரியர் தம் விடையைத் தருகிறார்; இறுதியில் எதிர்வாதங்களுக்குத் தனித்தனியே மறுமொழி கூறுகிறார். எதிராளியின் கூற்றைச் செவ்வையாக எடுத்துரைக்க இயலாதவர் அதற்கு விடையளிக்கவும் இயலாது என்பதே இம்முறை மாணவருக்குப் புகட்டும் முதற்பாடம்.

2. நியூமனின் விளக்கம்

ஆங்கிலிக்கன் குருவாயிருந்து 1845இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த ஜான் ஹென்றி நியூமன், 1852இல் டப்ளினில் பல்கலைக்கழகக் கல்வி பற்றிச் சொற்பொழிவாற்றினார். அந்நகரில் 1854இல் திறக்கப்பட்ட கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே. அறிவுத் துறைகள் அனைத்தும் ஒரே முழுமையின் உறுப்புகள் என்பது அவர் கொள்கை. இறையியலை நீக்கிவிட்டால் அவ்விடம் வெற்றிடமாயிராது. பிற துறைகள் தம் எல்லையைக் கடந்து அதனைக் கைப்பற்றும் என்றார். அதேவேளையில், கலைக்கல்வி பண்பட்ட அறிவை உருவாக்குமேயன்றிப் பரிசுத்தத்தை உருவாக்காது என்பதையும் அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். இவ்விரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

3. இக்காலப் பாடமுறை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம் 1993இல் இவ்வகை இணைப்புக் கல்வியைத் தொடங்கியது. இம்முறையின் பயனை விளக்க அகஸ்டினின் ‘அறிக்கைகள்’ என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். இறையியல் மாணவர் அதில் கிருபையைப் பற்றிய போதனையைக் காண்கிறார். வரலாற்று மாணவர் ரோமப் பேரரசின் பிற்கால வாழ்வைக் காண்கிறார். இலக்கிய மாணவரோ ஓர் ஆன்மா தன்னைத் தானே விசாரிக்கும் உரைநடையைக் காண்கிறார். அகஸ்டினுக்கு ஞானத்தின்மீது வேட்கையை முதலில் மூட்டியது புறமதத்தவராகிய சிசரோவின் நூல் என்பதையும் அந்நூலே சாட்சி பகர்கிறது. கலைகளைத் தனியே பிரித்தால் இச்சாட்சி விளங்காது.

4. தீராத ஒரு வினா

இம்முறையில் இடர்ப்பாடு இல்லையென்று கூற இயலாது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஹான்ஸ் குங், போப்பரசரின் தவறா வரத்தை வினவியவர். கத்தோலிக்க இறையியலாளராகக் கற்பிக்கும் அனுமதியை 1979இல் ரோமாபுரி அவரிடமிருந்து திரும்பப் பெற்றது. பல்கலைக்கழகமோ அவரைத் தொடர்ந்து பேராசிரியராக வைத்துக்கொண்டது. ஆராய்ச்சியின் சுதந்திரம் எங்கு முடிகிறது, திருச்சபையின் அதிகாரம் எங்குத் தொடங்குகிறது? இவ்வினா கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. திருமறை ஆராய்ச்சியை ஐயத்தோடு நோக்கும் சபைகள் நம்மிடையேயும் உள.

5. நமக்குரிய பாடம்

மானிடக் கலைகள் நமக்கு அந்நியமானவையல்ல. இராஸ்மஸ் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கொண்டே லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பை 1522இல் வெளியிட்டார். இராஸ்மஸ் இறுதிவரை ரோமச் சபையை விட்டு நீங்காதவர். பள்ளிகளை நிறுவி மொழிகளைக் கற்பிக்குமாறு 1524இல் ஜெர்மானிய நகர மன்றத்தாருக்கு லூத்தர் வேண்டுகோள் விடுத்தார். சீர்திருத்தம் இக்கலைகளின் கையைப் பற்றியே நடந்தது.

நம் சபை இளைஞர் பலர் கல்லூரியில் பொருளாதாரமும் அறிவியலும் இலக்கியமும் ஆழ்ந்து கற்கின்றனர். அவர்தம் விசுவாசமோ ஞாயிறு பள்ளிப் பருவத்திலேயே நின்றுவிடுகிறது. அறிவு வளர, விசுவாசம் வளராதிருப்பின், அவர்கள் வாதாடிப் பிரிவதில்லை, மௌனமாகவே விலகுகின்றனர். அத்தகைய மாணவர் ஐயத்தோடு வரும்போது ஒரு வசனத்தைக் கூறி அனுப்பிவிடுதல் போதாது. அவர் பயிலும் நூல்களுள் ஒன்றைப் போதகரும் வாசிக்கட்டும். அதன் எதிர்வாதத்தை அம்மாணவரே ஒப்புக்கொள்ளும் வண்ணம் எடுத்துரைக்கட்டும். பின்னரே விடை பகரட்டும். கலைகள் நம்மை இரட்சிக்கமாட்டா. ஆயினும், இரட்சிப்பின் செய்தியைக் கேட்பவர் எத்தகைய உலகில் வாழ்கிறார் என்பதை அவை நமக்குக் காட்டும். அதை அறியாமல் பிரசங்கிப்பவர், கேட்போர் வினவாத வினாக்களுக்கே விடையளித்துக்கொண்டிருப்பார்.