மைசூர் ரோட்டுக்கு ஒரு கார்: அன்றும் இன்றும்

எண்பதுகளில் பெங்களூரில் தினமும் காரில் வேலைக்குப் போனவர்கள் சொற்பம். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலோ, அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கமோ குடியிருந்தன. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்துவிடும். மண்டியாவிலிருந்தும் மைசூரிலிருந்தும் அன்றாடம் வந்துபோனவர்களுக்கு ரயில் இருந்தது. வீட்டில் கார் இருந்தால் அது கல்யாணத்துக்கும், தசராவுக்கும், ஊருக்குப் போய் வரவும்தான்.

அந்தக் காரையும் யாரும் தேடித் தேர்ந்தெடுக்கவில்லை. அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி. பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் அரசாங்க அதிகாரியோ டாக்டரோ ஓட்டிய பழைய வண்டியை வாங்கிக்கொண்டார்கள்.

பத்மினியில் கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங் தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் முன்சீட் ஒரே நீளப் பலகையாக இருந்தது. அப்பா ஓட்ட, அம்மா மடியில் கைக்குழந்தையுடன் உட்கார, நடுவில் இன்னொரு பிள்ளையும் நுழைந்துகொள்ளும். காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துத்தான் கிளப்ப வேண்டும். டிக்கியில் துணிமூட்டையோடு ஒரு தண்ணீர்க் கேனும் கட்டாயம் போகும். கோடையில் ரேடியேட்டர் கொதித்தால் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, துணியைச் சுற்றி மூடியைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்ப முடியும். சீட் பெல்ட் கிடையாது, ஏ.சி. கிடையாது. ஆனாலும் அந்த ரோட்டுக்கு அந்த வண்டி பொருந்தியது. ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா என்று ஒவ்வொரு ஊரின் கடைவீதியையும் கிழித்துக்கொண்டு போகும் ரோடு அது. கரும்பு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து, மத்தூரில் வடை சாப்பிட்டு, மைசூர் போய்ச் சேர அரைநாள் ஆகிவிடும். வேகம் 60-ஐத் தாண்டுவதே அபூர்வம் என்பதால், மெத்தென்ற சீட்டும் குழியை விழுங்கும் ஸ்பிரிங்கும் போதுமானதாக இருந்தன.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். நடுத்தரக் குடும்பம் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறியது இதன் வழியாகத்தான். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும் என்ற நம்பிக்கையை இந்த நாட்டுக்குத் தந்த வண்டி அது. அதற்கு என் மரியாதை என்றும் உண்டு. ஆனால் சிறு டயரும் லேசான உடலும் கொண்ட அதன் பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் மைசூர் வரை போவது கஷ்டம்தான்.

குடும்பக் காரின் அடுத்த அத்தியாயம் இதே மைசூர் ரோட்டின் மேலேயே எழுதப்பட்டது. பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலை வந்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து குவாலிஸ் வெளிவந்தது. இந்தோனேசியாவில் கூட்டுக் குடும்பங்கள் பல காலம் ஓட்டிய கிஜாங் வண்டியின் வழிவந்தது இது. பெட்டி போன்ற தோற்றம், உயரமான சீட்டு. பாட்டி முட்டியை மடக்காமல் ஏறி உட்கார முடிந்தது. கால் சென்டர்கள் பெருகிய அந்த வருடங்களில் ராத்திரி முழுக்க ஊழியர்களைச் சுமந்ததும் குவாலிஸ்தான். 2005-ல் அதன் இடத்துக்கு இன்னோவா வந்தது. பெங்களூரில் பெரிய குடும்பம் என்றாலே இன்னோவா என்ற நினைப்பு இன்றும் மாறவில்லை.

பிறகு ரோடே மாறிவிட்டது. 2023 மார்ச் 12-ல் பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலை முறைப்படி திறக்கப்பட்டது. 118 கிலோமீட்டர். நடுவில் ஆறு வழி, இரு பக்கமும் சர்வீஸ் ரோடு. பிடதி முதல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை எல்லா ஊர்களையும் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ்கள். அரைநாள் பயணம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியதும், மண்டியாவில் வீடு, பெங்களூரில் வேலை என்று காரை நம்பிக் கணக்குப் போடுவது சாத்தியமாயிற்று. விபத்துகளும் உடனேயே பெருகின. அதே வருடம் ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர்களுக்குப் பிரதான பாதையில் தடை வந்தது. வேக வரம்பு 100 என்றாயிற்று, கேமராக்கள் வந்தன.

இந்த 100-தான் கார் வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய எண். மணிக்கு 100 என்றால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் அளவுக்கு வண்டி ஓடிவிடுகிறது. 40-ல் போகும்போது பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் தேவைப்படும். பத்மினி காலத்தில் சொகுசு தந்த மெத்துமெத்து ஸ்பிரிங் இந்த வேகத்தில் வண்டியை ஆட வைக்கும். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் குமட்டும், ஓட்டுகிறவருக்குத் தோள் இறுகும்.

பெங்களூர்க்காரருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே பயணத்தில் அவர் இரண்டு விதமான ரோட்டைக் கடக்கிறார். ஒயிட்ஃபீல்டிலிருந்து கெங்கேரி போய்ச் சேர ஆகிற நேரத்தில் கெங்கேரியிலிருந்து மத்தூரைத் தாண்டிவிடலாம். முதல் பாதியில் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போகும். தினமும் போகிறவருக்கு ஆட்டோமேட்டிக் கியர் அவசியம் என்றே நான் சொல்வேன். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. என்ற ஆட்டோமேட்டிக் வகை அதை மலிவாக்கியது, ஆனால் ஓவர்டேக் செய்யும்போது கியர் மாறும் தயக்கம் அதில் தெரியும். சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் இரண்டு ரோட்டுக்கும் ஈடுகொடுக்கும். இன்று அதே பிடதியில் தயாராகும் டொயோட்டாவின் ஹைகிராஸ், ஹைரைடர் போன்றவற்றின் ஹைப்ரிட் ரகங்கள் நெரிசலில் பெரும்பாலும் பேட்டரியில் நகர்ந்து பெட்ரோலை மிச்சப்படுத்துகின்றன. முழு எலெக்ட்ரிக் கார் நெரிசலில் இன்னும் அமைதி. ஆனால் 100-ல் தொடர்ந்து ஓட்டினால் கம்பெனி சொல்லும் தூரம் கிடைக்காது. போய்வரும் மொத்தத் தூரத்துக்கு மேல் தாராளமாக மிச்சம் வைத்தே கணக்குப் போட வேண்டும்.

ஷோரூமில் பேச்சு பெரும்பாலும் சன்ரூஃபிலும் பெரிய திரையிலும்தான் தொடங்குகிறது. தினமும் மூன்று மணி நேரம் காரில் இருக்கப்போகிறவருக்கு இவை இரண்டாம்பட்சம். டெஸ்ட் டிரைவ் என்று லேஅவுட்டுக்குள் இரண்டு சுற்று சுற்றினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். நைஸ் ரோடு என்ற சுங்கச் சாலையில் கொஞ்ச தூரமாவது ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள்; சுங்கக் கட்டணத்தை நீங்களே கொடுங்கள். வேகம் பிடித்ததும் பாட்டை நிறுத்திவிட்டு டயர் சத்தத்தையும் காற்றுச் சத்தத்தையும் கவனியுங்கள். குரலை உயர்த்தாமல் பின்சீட்டில் இருப்பவரோடு பேச முடிகிறதா? பிறகு நீங்களே பின்னால் உட்காருங்கள். தொடை முழுவதும் சீட்டில் படிகிறதா, அல்லது முட்டி மேலே தூக்கிக்கொண்டு பாரமெல்லாம் இடுப்பில் இறங்குகிறதா என்று பாருங்கள். நடு சீட்டுக்கும் மூன்றுமுனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை சீட்டை மாட்டும் கொக்கி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். அம்மா அப்பாவையும் கூட்டிப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். தாழ்ந்த செடான் வேகத்தில் நிலையாக ஓடும், உண்மைதான். ஆனால் முட்டிவலிக்காரர் அதிலிருந்து எழுந்திருக்கப் படும் பாடு அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும்.

முன்சீட்டில் இரண்டு ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது சமீபத்தில்தான். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் மோதல் சோதனை நடைமுறைக்கு வந்தது. நீங்கள் பார்க்கும் மாடல் அதில் எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பின்சீட் பெல்ட்டை மாட்டாதவருக்கு ஐந்து நட்சத்திரமும் உதவாது. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, அவர் இருந்தது ஒரு உயர்ரகக் காரின் பின்சீட்டில். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது.

பத்மினியின் முன்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போன காலத்தில் வண்டியும் மெதுவாகப் போனது, வேறு வழியும் இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. சன்ரூஃப் உள்ள ரகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நல்ல டயரும் ஒரு குழந்தை சீட்டும் வாங்குங்கள். சாவி போடும் முன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, எல்லோரும் பெல்ட் மாட்டிய பிறகு வண்டியை எடுங்கள்.