வெற்றுப் பீப்பாய்க்கும் ஒரு கணக்கு உண்டு

மும்பையின் துறைமுக ரயில் பாதையில் குர்லாவை அடுத்து வரும் சிறு நிலையம் சுனாபட்டி. மராத்தியில் அப்பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். காளவாய்கள் மறைந்துவிட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆயினும் உழைப்பும் உலைகளும் இவ்வட்டாரத்தை விட்டு அகலவில்லை. ஒருபுறம் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்ட். மாநகரம் கழித்துத் தள்ளும் பிளாஸ்டிக்கும் தகரமும் அட்டையும் அங்கே மீண்டும் பண்டமாகின்றன. மறுபுறம் செம்பூரும் மாஹுலும். அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பெரும் உர ஆலையும் இயங்குகின்றன. இவற்றுக்கு நடுவே, சயான் வட்டத்தை ஒட்டி, மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது.

நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் காலூன்றிய தமிழர்களின் வழிவந்தோர் பலர் இன்று இப்பகுதியில் சிறுதொழில் முனைவோராக உள்ளனர். வாரியத்தின் ஆய்வாளர் வருகிறார் என்றதும் அவர்களுள் சிலருக்கு மனம் பதறுகிறது. அந்த ஆய்வு எதைத் தேடுகிறது, எதற்காகத் தேடுகிறது என்பதை அறிந்துகொண்டால் பதற்றம் பெருமளவு தணியும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வெற்றுப் பீப்பாயைக் கருதுவோம். உள்ளிருந்த இரசாயனம் தீர்ந்தபின் அது வெறும் தகரம் என்றே நாம் எண்ணுகிறோம். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. அபாயகரமான இரசாயனம் படிந்த காலிப் பீப்பாய்களும் கேன்களும், 2016ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகளின் முதல் அட்டவணையில் 33ஆம் இனத்தில் இடம்பெற்றுள்ளன. அதைக் கழுவும் தொழிலாளியின் கையையும் மூச்சையும், கழுவிய நீர் ஓடும் சாக்கடையையும் எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும்.

இவ்விதிகளுக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகரமான கழிவுகளுக்கான முதல் விதிகளும் பிறந்தன. விதிகள் இருந்தும் கண்காணிப்புத் தவறினால் நேர்வது என்ன என்பதைத் தமிழகமே கண்டது. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், பழைய பொருள் வாங்கும் கடை ஒன்றில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடப்பதை உள்ளூர் மக்கள் வெளிக்கொணர்ந்தனர். அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தொழிற்சாலை அவ்வாண்டே மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு காண 2016 வரை ஆயிற்று. ஆலைவாயிலில் நின்றிருக்க வேண்டிய கழிவு பழைய பொருள் கடைவரை சென்றதால் விளைந்த இழப்பு இத்தகையது.

ஆய்வாளர் முதலில் கேட்பது வாரியத்தின் இசைவாணையையும், கழிவைக் கையாள்வதற்கான அங்கீகாரத்தையும். அடுத்துப் பதிவேடு, எந்நாளில் எவ்வளவு கழிவு உண்டாயிற்று, எவ்வளவு வெளியே சென்றது என்பது அதில் இருத்தல் வேண்டும். பின்னர் சேமிப்பிடம். கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஆண்டுக்கு 10 டன் வரை மட்டுமே கழிவு உண்டாக்கும் சிறு நிறுவனங்களுக்கு வாரியம் 180 நாட்கள் வரை நீட்டித்து வழங்கலாம். ஒவ்வொரு கலத்தின்மீதும் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைச் சீட்டு இருக்க வேண்டும். அது இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகியவற்றில் எழுதப்படும். மும்பையில் வட்டார மொழி மராத்தி. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு அதை வாய்மொழியாக விளக்கிச் சொல்வது முதலாளியின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

கழிவு தளோஜாவில் உள்ளது போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கோ செல்லும்போது ஏழு படிகள் கொண்ட ஓர் அனுப்புச் சீட்டு உடன் செல்கிறது. வெள்ளைப் படி வாரியத்துக்கு, மஞ்சள் அனுப்புபவருக்கு, இளஞ்சிவப்பு பெறுபவருக்கு, ஆரஞ்சு வண்டிக்காரருக்கு. பச்சைப் படியைப் பெறுபவர் வாரியத்துக்கு அனுப்புகிறார். நீலப் படி அனுப்பியவரிடமே திரும்பி வருகிறது. கழிவு மாநிலம் கடந்தால் சாம்பல்நிறப் படியும் பயன்படும். வங்கியில் பற்றும் வரவும் ஒத்துப்போவது போல, அனுப்பிய எடையும் பெற்ற எடையும் இங்கே ஒத்துப்போக வேண்டும். நீலப் படி திரும்பாவிடில் கழிவு வழியில் எங்கோ இறங்கிவிட்டது என்ற ஐயம் எழும்.

ஆய்வாளருக்கும் வரம்புகள் உண்டு. மாதிரி எடுக்குமுன் அவர் அறிவிப்புத் தர வேண்டும்; உரிமையாளரோ அவர் சார்பாளரோ முன்னிலையில் மாதிரியை எடுத்து, கலத்துக்கு முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். அந்நேரத்தில் ஒதுங்கி நிற்பவர் தமக்குள்ள பாதுகாப்பைத் தாமே இழக்கிறார்.

விதிமீறலின் விலை சிறிதன்று. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பின், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கான தண்டத்தொகை 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை செல்லக்கூடும். தொழிலை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரமும் சட்டத்தில் உண்டு. கதவு அடைபட்டால் முதலாளிக்குக் கடன் தவணை நிற்கும். தொழிலாளிக்கு அடுப்பு அணையும். தொழிற்கடன் வழங்குமுன் இசைவாணையின் நகலை வங்கிகள் கேட்பது இதனால்தான். அபாயகரமான பொருள்களைக் குறித்த அளவுக்கு மேல் கையாள்வோர் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுப் பொறுப்புக் காப்பீடும் எடுத்திருத்தல் வேண்டும்.

சிறுதொழில் புரியும் வாடிக்கையாளர்கள் மூன்றை மறவாதிருப்பது நலம். அங்கீகாரம் முடிவுறும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒவ்வோராண்டும் ஜூன் 30க்குள் ஆண்டறிக்கையை வாரியத்துக்கு அனுப்பிவிடுங்கள். விலை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக, அங்கீகாரம் இல்லாதவரிடம் காலிப் பீப்பாயை விற்காதீர்கள்; அந்தச் சில ரூபாய் வேறொருவர் உடல்நலத்திலிருந்து எடுக்கப்படுவது.

தொழில் நடத்தாத வாசகர்க்கும் இதில் பங்குண்டு. அபாயகரமான பொருள்களைக் கையாளும் ஆலைகள் அவற்றின் விவரத்தையும் கழிவின் விவரத்தையும் வாயிலில் பலகையாக வைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபரில் பணித்தது. அப்பலகை அருகில் வாழும் நமக்காகவே எழுதப்பட்டது. அவ்வழியே செல்லும்போது ஒரு நிமிடம் நின்று அதைப் படியுங்கள். பலகை இல்லையெனில் வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள்.