வெள்ளி நாணயத்தில் வடமுனை ஒளி

மலேசியத் தமிழில் ‘வெள்ளி’ என்பது உலோகத்தை மட்டும் குறிப்பதன்று. ரிங்கிட்டையும் நாம் வெள்ளி என்றே வழங்குகிறோம். முற்காலத்தில் இங்குப் புழங்கிய ஸ்பானிய, மெக்சிகோ நாணயங்கள் வெள்ளியால் ஆனவை. அவற்றின் விளிம்பில் இருந்த பற்களைக் குறித்தே ‘ரிங்கிட்’ என்னும் மலாய்ப்பெயர் எழுந்தது. மலாய்க்காரர் விளிம்பைக் கண்டு பெயரிட்டனர். தமிழர் உலோகத்தைக் கண்டு பெயரிட்டனர். ஆதலால் லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டத்து மாணவரிடம் ‘வெள்ளி நாணயம்’ என்றால், கடையில் நீட்டும் பணமே அவர் நினைவுக்கு வரும். இங்கு நாம் கருதுவது, சேகரிப்போருக்கென வார்க்கப்படும் தூய வெள்ளி நாணயத்தை.

கனடா அரச நாணயச்சாலை வெளியிடும் இவ்வகை நாணயங்களில் வடமுனை ஒளியும் துருவ விலங்குகளும் இடம்பெறுவதுண்டு. கதிரவனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் புவியின் காந்தப்புலம் முனைப்பகுதிகளை நோக்கித் திருப்புகிறது. அவை 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ள உயிர்வளி அணுக்களைத் தாக்கும்போது பச்சை ஒளி பிறக்கும். இன்னும் உயரத்தில் அது சிவப்பாகும். நிலநடுக்கோட்டை அடுத்து வாழும் நமக்கு அக்காட்சி வாய்ப்பதில்லை. வெள்ளிக்கோ பச்சை நிறம் இல்லை. எனவே கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பில் உருவங்களை மட்டும் மங்கலாகப் பொறித்து, வானத்து வண்ணத்தைத் தனியே பதிக்கின்றனர். 2017ஆம் ஆண்டில் வந்த கனடிய இரண்டு டாலர் நாணயம் இருளிலும் ஒளிர்ந்தது. ஆயினும் அது வெள்ளியன்று, புழக்கக் காசு.

வகுப்பில் இந்நாணயத்தை விளக்கும்போது இடறுவது ‘பனி’ என்னும் சொல். பெர்த்தாமில் காலையில் தேயிலைக் கொழுந்தின்மேல் படிந்து, வெயில் ஏறியதும் மறைவது பனி. முன்பனி, பின்பனி எனப் பருவம் வகுத்த தமிழர் அறிந்ததும் இதுவே. துருவக் கரடி நின்று கடல்நாயை வேட்டையாடுவதோ கடல்மேல் உறைந்த பனிக்கட்டிப் பரப்பில். அப்பரப்பு சுருங்கினால் கரடிக்கு இரை கிட்டாது. ‘பனி உருகுகிறது’ என்று மட்டும் சொன்னால், நாள்தோறும் நிகழ்வதுதானே என்று மாணவர் எண்ணக்கூடும், அவர்மீது பிழையில்லை.

இத்தகைய சொல்லிடர் நம் நாட்டு நாணயத்திலும் உண்டு. உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவுடன் பல நாடுகள் வெளியிட்ட பாதுகாப்புத் தொடரில் மலேசியாவும் 1976இல் சேர்ந்தது. 15 ரிங்கிட் வெள்ளி நாணயத்தில் செலாடாங், 25 ரிங்கிட் வெள்ளி நாணயத்தில் காண்டாமிருக இருவாச்சி, 500 ரிங்கிட் பொன் நாணயத்தில் தாப்பிர் ஆகியவை பொறிக்கப்பட்டன.

செலாடாங்கைக் ‘காட்டெருமை’ என்றே பலரும் எழுதுகிறோம். அது எருமையன்று, முழங்காலுக்குக் கீழே வெண்ணிறக் காலுறை அணிந்ததுபோல் தோன்றும் காட்டுமாடு. சங்க இலக்கியம் அதனை ‘ஆமா’ என்றது. ஆ என்பது பசு, மா என்பது விலங்கு. இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை என்பது நம் கருத்து. எருமை என்றதும், காட்டில் ஒன்று அழிந்தால் தொழுவத்தில் இன்னொன்று இருக்கிறது என்னும் மெத்தனம் வந்துவிடுகிறது. ஆமாவுக்குத் தொழுவமில்லை. தீபகற்பத்துக் காடுகளில் அதன் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது. நம் பகாங் மாநிலத்து ஜெண்டராக்கில் அதைப் பேணி வளர்க்க ஒரு மையமே அமைக்க நேர்ந்தது.

இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் பறவையினம் என்பதால் அதற்குத் தமிழ்ப்பெயர் இயல்பாகவே உண்டு. தாப்பிர் தமிழகக் காடுகளில் இல்லை, பழஞ்சொல்லும் இல்லை. தாப்பிர் என்றே எழுதலாம். மலாய்வழக்கைப் பின்பற்றித் தெனுக் எனினும் தவறில்லை.