காலராவின் கொடிவழி

உயிர்களின் மரம் – 9

1992 அக்டோபரில் சென்னையில் காலரா கண்டவர்களிடமிருந்து எடுத்த கிருமி, வழக்கமான சோதனைக்குப் பிடிபடவில்லை. காலராவைக் கொள்ளைநோயாகப் பரப்புவது ஓ1 வகை மட்டுமே என்று அதுவரை மருத்துவ உலகம் நம்பியிருந்தது. இது ஓ1 இல்லை. அன்று அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதிலும் சேரவுமில்லை. சில மாதங்களுக்குள் கொல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பரவிவிட்டது. பெரியவர்களே அதிகம் படுத்தார்கள். ஓ1-ஐ எதிர்த்துப் பழகியிருந்த உடல், இந்தப் புதியவனிடம் தோற்றது.

கொல்கத்தா பேலியாகாட்டாவில் இருக்கும் ஆய்வு நிறுவனத்துக்கு அன்று தேசிய காலரா மற்றும் குடல்நோய் ஆய்வு நிறுவனம் என்று பெயர். 1962-ல் காலரா ஆய்வு மையமாகத் தொடங்கியது. அங்கே டி. ராமமூர்த்தி, ஜி. பாலகிருஷ் நாயர் உள்ளிட்ட குழுவினர் இந்தக் கிருமியை ஆராய்ந்து 1993-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 139-வது வகை என்பதால் ஓ139. பரவிய இடத்தை வைத்து ‘பெங்கால்’. 1961-ல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாம் பெருந்தொற்று அப்போதும் ஓயவில்லை. அதற்குள் எட்டாவது வந்துவிட்டதா என்று உலகம் அஞ்சியது.

இது புதிய வம்சமா, பழைய வம்சத்தின் பிள்ளையா? வெளித்தோற்றத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சென்ற வாரம் டார்வின் 1837-ல் குறிப்பேட்டில் வரைந்த மரத்தைப் பார்த்தோம். கொல்கத்தாவின் கேள்விக்கும் அப்படி ஒரு மரம்தான் பதில் சொன்னது.

காலராக் கிருமியின் மரபணுத் தொகுதியில் சுமார் 40 லட்சம் எழுத்துகள் உண்டு. 2011-ல் ‘நேச்சர்’ இதழில் அங்கூர் முத்ரேஜாவும் உடனாய்வாளர்களும் உலகெங்கிலும் இருந்து சேர்த்த 154 கிருமிகளை ஒப்பிட்டார்கள். ஏழாம் பெருந்தொற்றுக் கிருமியில் ஆண்டுக்குச் சுமார் மூன்று எழுத்துகள் மாறுகின்றன என்று கணக்கிட்டார்கள். ஒரே மாற்றங்களைப் பகிர்பவை நெருங்கிய உறவு. அப்படி அடுக்கியபோது, வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து மூன்று அலைகளாவது கிளம்பி உலகைச் சுற்றியது மரத்தில் தெரிந்தது. ஓ139-உம் ஏழாம் பெருந்தொற்றின் கிளைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மேற்பரப்பின் வகையைத் தீர்மானிக்கும் மரபணுத் துண்டை மட்டும் அது மாற்றிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த கதை. சட்டையை மட்டும் பார்த்தவர்களுக்கு அவன் அந்நியனாகத் தெரிந்தான்.

இப்படி ஒரு மரத்தைக் கல்லூரி மாணவர் ஒருவரே இன்று தன் கணினியில் உருவாக்கிப் பார்க்கலாம். ஆய்வாளர்கள் பொதுவில் வைத்திருக்கும் மரபணு வரிசைகள் ‘ஜென்பேங்க்’ என்ற தரவகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து கிருமிகளின் வரிசைகளை இறக்குங்கள். அவற்றை எழுத்துக்கு எழுத்து நேராக அடுக்க ‘மாஃப்ட்’ போன்ற நிரல் உண்டு, இணையத்திலேயே இயங்கும். அடுக்கிய வரிசையிலிருந்து ‘ஐக்யூ-ட்ரீ’ போன்ற நிரல் மரத்தைக் கணக்கிட்டுத் தரும். அந்த மரம் வெறும் அடைப்புக்குறிகளாக வரும்:

((சென்னை, கொல்கத்தா), இந்தோனேசியா);

உள் அடைப்பில் சேர்ந்திருப்பவை நெருங்கிய உறவு. வெளியே நிற்பது தூரத்து உறவு. ‘நியூவிக்’ வடிவம் என்று இதைச் சொல்வார்கள். இந்தக் கோப்பை ஐடால் என்ற இணையக் கருவியில் ஏற்றினால் மரம் திரையில் விரியும். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் இவிட்சா லெதுனிச், பேர் போர்க் இருவரும் உருவாக்கிய கருவி இது. மரத்தை வட்டமாக விரிக்கலாம், கிளைகளுக்கு ஊர்வாரியாக வண்ணம் தரலாம், நுனிகளில் ஆண்டைக் குறிக்கலாம். காசு கேட்காமல் வரைந்து தரும்.

ஆனால் ஐடால் வரைகிறதே தவிர, உறவைக் கண்டுபிடிப்பதில்லை. தவறான மரத்தையும் அதே அழகோடு வரைந்து காட்டும். அதனால் எந்த மரத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

வேர் எங்கே? வேர் இல்லாத மரத்தில் யார் மூத்தவர் என்று சொல்ல முடியாது. காலராவுக்கு 1937-ல் இந்தோனேசியாவில் எடுத்த எம்66 கிருமி, பெருந்தொற்றுக்கு முந்தியது. அதை வெளியே நிறுத்தினால் வேர் தெரியும்.

கிளையின் நீளம் எதைக் காட்டுகிறது? மாற்றங்களின் எண்ணிக்கையையா, ஆண்டுகளையா, அல்லது வெறும் அலங்காரமா?

கிளை எவ்வளவு உறுதி? தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுத்து ஆயிரம் முறை மரம் கட்டிப் பார்த்தால், இந்தக் கிளை எத்தனை முறை மறுபடி வருகிறது? 1985-ல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் கொண்டுவந்த இந்தச் சோதனையின் எண்ணைக் கணுவில் எழுதாத மரத்தை நம்ப அவசரப்படாதீர்கள்.

யார் விடுபட்டார்கள்? ஒரு நாட்டின் கிருமியைச் சேர்க்கவே இல்லையென்றால், நோய் அங்கிருந்து வந்ததா என்பதற்கு மரம் பதில் சொல்லாது.

கடைசிக் கேள்வியின் கனம் ஹெய்ட்டியில் தெரிந்தது. 2010 அக்டோபரில் அங்கே காலரா வெடித்தது. நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. படையினர்மீது சந்தேகம் விழுந்தது. 2011-ல் நேபாளக் கிருமிகளையும் சேர்த்து மரம் கட்டியபோது, அவற்றில் மூன்றுக்கும் ஹெய்ட்டிக் கிருமிகளுக்கும் ஓரிரு எழுத்துகளே வித்தியாசம். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஐ.நா.மீது வழக்காடிய மக்களின் குரலுக்கு அந்த மரம் சான்றாக நின்றது.

மரம் வரையக் கற்பதை உயிரியல் மாணவரின் கூடுதல் திறமையாக நான் நினைக்கவில்லை. நம் சென்னையிலும் கொல்கத்தாவிலும் நோயுற்றவர்களிடமிருந்து எடுத்த கிருமிகளின் வரலாறு அது. அதைப் படிக்கவும் சரிபார்க்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கருவி இலவசம், தரவும் இலவசம். கேட்கும் பழக்கத்தை மட்டும் நாம்தான் வகுப்பறையில் ஊட்ட வேண்டும்.

ஓ139 தன் மேற்பரப்பு மரபணுக்களை வேறொரு கிருமியிடமிருந்து பெற்றது. தாயிடமிருந்து மட்டுமல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடமிருந்தும் மரபணு வருமென்றால், உறவைக் காட்ட மரம் என்ற வடிவம் போதுமா? அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)