அப்பாச்சி மண்ணில் ஒரு தூண்டில்

அமெரிக்காவின் அரிசோனாவில், சான் கார்லோஸ் ஏரியில் தூண்டில் போட மாநில அரசின் உரிமம் செல்லாது. அப்பாச்சி பழங்குடி அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். வெதுவெதுப்பான நீரில் செழிக்கும் பாஸ், கிராப்பி, கெளுத்தி மீன்களுக்குப் பேர்போன ஏரி இது. 'ஏரியைத் தேக்கும் அணையைக் கட்டியது மத்திய அரசு, நீர் எல்லோருக்கும் பொது. பழங்குடியினருக்கு எதற்குக் கட்டணம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1930-ல் திறக்கப்பட்ட அந்தக் கூலிட்ஜ் அணைக்காக அவர்களுடைய பழைய ஊரே நீருக்குள் போனது. முன்னோரின் கல்லறைகளைத் தோண்ட அவர்கள் சம்மதிக்காததால், அந்த இடுகாட்டின் மேல் கான்கிரீட் பரப்பி மூடினார்கள். இத்தனைக்கும் தேங்கும் நீர் பாசனத்துக்காகக் கீழே திறந்துவிடப்படுகிறது. வறண்ட ஆண்டுகளில் ஏரி வற்றி மீன்கள் கூட்டமாகச் செத்திருக்கின்றன. நிலத்தையும் ஊரையும் கொடுத்தவர்களுக்கு, அந்த நீரில் வளரும் மீனின் மீதாவது உரிமை வேண்டாமா?

இந்த ஏரி இருப்பதுபோன்ற, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட காப்புநிலத்தில் மாநிலமும் சேர்ந்து விதி வகுத்தால் என்ன என்பாரும் உண்டு. நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோ அப்பாச்சி வழக்கில் இதே கேள்வி எழுந்தது. மீன்வளத்தைப் பழங்குடியினரே பேணி வளர்க்கும் அந்தக் காப்புநிலத்தில், வெளியாட்களின் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் மாநிலம் விதி வகுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-ல் தீர்ப்பளித்தது.